கவுண்டன்யா வனவிலங்குச் சரணாலயம்

கோலார் தங்கவயலுக்குக் கிழக்கே, கர்நாடக எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். அங்கே குப்பம், பலமனேர் வட்டாரங்களில் 357.6 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது இந்தக் காடு. 1990-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெயர், ஊடே ஓடும் ஆற்றினுடையது. அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மோர்தானா அணையில் தேங்கி, குடியாத்தத்தைக் கடந்து பாலாற்றில் சேர்கிறது.

காடு பழையது, யானைதான் புது வரவு.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆந்திரத்தில் காட்டு யானையே இல்லை. 1980-களில் வறட்சியும் துண்டுபட்ட காடுகளும் நெருக்க, ஓசூர், ஆனேக்கல் பக்கத்துக் கூட்டங்கள் ஊர்களையும் வயல்களையும் கடந்து கிழக்கே நடந்தன. சில கூட்டங்கள் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்காகத்தான் சரணாலயமே பிறந்தது. 2003-ல் ராயலா யானைகள் காப்பகமும் உருவானது.

வானுயர்ந்த மரங்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். கோடையில் இலை கொட்டி வெறிச்சோடும் மரங்கள், உசில், முட்புதர், உருண்டு கிடக்கும் பெரும்பாறைகள் என வறண்ட முகம் இதற்கு. ஆனால் அந்தப் பாறை இடுக்குகள்தான் கரடிக்கும் சிறுத்தைக்கும் வீடு. புதர்க்கிளைகளில் இரவில் தேவாங்கு மெல்ல நகரும். தரையில் நட்சத்திர ஆமை. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத மஞ்சள் தொண்டைச் சின்னானும் இங்கே உண்டு.

தங்கமும் இந்தப் பக்கம் உண்டு. குப்பம் அருகே பிசாநத்தம், சிகர்குண்டா சுரங்கங்களைத் தங்கவயலின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமே நடத்தியது. 2001-ல் எல்லாம் மூடப்பட்டன.

சரணாலயத்தின் சிக்கல் அதன் வடிவம். அகலம் குறைந்த காடு. ஓரத்திலேயே ராகி, கரும்பு, வாழை. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும் யானைக்கு முட்செடியைவிடக் கரும்பு எளிது. அகழி வெட்டினார்கள், சூரிய மின்வேலி போட்டார்கள். பயிரைக் காக்கச் சிலர் திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பியில் யானைகள் மாண்டன. யானை மிதித்து விவசாயிகளும் மாண்டனர். விரட்டினால் யானை தமிழ்நாட்டுக்கோ கர்நாடகத்துக்கோ போகும், அங்கே விரட்டினால் திரும்பி வரும். மூன்று வனத்துறைகளுக்கும் இது தீராத வேலை. 2025 மே மாதம் கர்நாடகம் தன் முகாம்களிலிருந்து காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. ஒரு காலத்தில் காட்டு யானைகள் யாரையும் கேட்காமல் கடந்த எல்லையை இவை லாரியில் ஏறிக் கடந்தன.