மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி

2022 ஜூன் 18, சனிக்கிழமை இரவு. முல்லைத்தீவு மாவட்டம் விசுவமடுவில் பெற்றோல் செட் வரிசையில் காத்திருந்தவர்களுக்கும் காவலுக்கு நின்ற இராணுவத்தினருக்கும் இடையே தகராறு மூண்டது. தங்கள் காவலரண் மீது கல்லெறிந்தார்கள் என்றது இராணுவம். துப்பாக்கிகள் வெடித்தன. பொதுமக்கள் நான்கு பேரும் படையினர் மூவரும் காயப்பட்டனர். இரண்டு மாதங்களுக்கு முன் ரம்புக்கனையில் பொலிஸார் சுட்டு ஒருவர் இறந்திருந்தார். ஆனால் அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசையொன்றில் இராணுவமே சுட்டது விசுவமடுவில்தான் முதன்முறை.

கொழும்புக்கு அந்த வரிசைகள் புதிய அனுபவம். விசுவமடு இருக்கும் வன்னிக்கோ அது பழைய கதையின் இன்னொரு அத்தியாயம். எண்ணெய் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது என்று பொருளியல் பாடநூல் சொல்லும். வன்னியில் நெடுங்காலம் அதைத் தீர்மானித்தது அரசியல். எந்தக் கப்பல் வருகிறது என்பதைவிட எந்தச் சாவடி திறந்திருக்கிறது என்பதுதான் அங்கே பெரிய கேள்வியாக இருந்தது.

இலங்கையில் எண்ணெய் அரசியலின் தொடக்கம் வேறு மாதிரியானது. 1960களின் ஆரம்பம் வரை ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் என்ற மூன்று வெளிநாட்டுக் கம்பனிகளின் கையில்தான் நாட்டின் எண்ணெய் வியாபாரம் இருந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, அடுத்த ஆண்டே அந்தக் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியைக் கையகப்படுத்தியது. முன்னின்றவர் அமைச்சர் ரி.பி. இலங்கரத்ன. சோவியத் யூனியனிலிருந்து மலிவாக எண்ணெய் வந்தது. நட்டஈடு தரவில்லை என்று 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அதற்கென அங்கே இயற்றப்பட்டிருந்த ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதலில் பாய்ந்தது இந்தச் சிறிய தீவின் மேல்தான். 1965இல் ஆட்சி மாறியது, நட்டஈடும் பேசித் தீர்க்கப்பட்டது. ஆனாலும் விநியோகம் கூட்டுத்தாபனத்தின் கையிலேயே நின்றது. துணிச்சலான முடிவு அது. வெளியார் கூட்டு ஒன்றை உடைத்து, எண்ணெயைப் பொதுச்சொத்தாக்கியது. ஆனால் நாட்டின் குழாய்கள் எல்லாம் ஒரே கையில் சேரத் தொடங்கியதும் அப்போதுதான்.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக எடுத்தன. ஒரு பீப்பாய் மூன்று டொலர் அளவில் இருந்தது, 1974 ஜனவரிக்குள் பதினொன்றைத் தாண்டியது. ஏற்கெனவே அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த சிறிமாவோ அரசு இறக்குமதியை இன்னும் இறுக்கியது. பாணுக்கும் வரிசை, அரிசிக்கும் வரிசை. தெற்கில் அந்தக் காலத்தைக் கசப்போடுதான் நினைவுகூர்வார்கள். வன்னியின் நினைவு வேறு. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறிய இளைஞர்களின் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். அந்தத் தோட்டங்களுக்கு நீர் இறைத்த பம்புகள் குடித்தது மண்ணெண்ணெய். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதி மிளகாய் வந்திறங்கியது, விலை சரிந்தது.

பிறகு வந்தது போர். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. புலிகளின் கைக்குப் போய்விடும் என்பது அரசு சொன்ன காரணம். பாதிப்பு முழுவதும் சனத்தின் தலையில். அரபு நாடுகள் எண்ணெயை மறித்தது அந்நிய நாடுகளுக்கு எதிராக. இங்கே ஓர் அரசு தன் குடிமக்கள் வாழும் நிலத்துக்கே மறித்தது. அதுவும் பன்னிரண்டு ஆண்டுகள் வரை. அனுமதித்த சொற்ப மண்ணெண்ணெய் வவுனியாப் பக்கமிருந்து லொறிகளில் வந்தது. சண்டை நகர நகரப் பாதையும் தாண்டிக்குளம், உயிலங்குளம் என்று இடம் மாறியது. உள்ளே வந்த பொருட்களுக்குப் புலிகளும் வரி அறவிட்டார்கள். கடைசியில் கூப்பனோடு சங்கக்கடையில் நிற்பவர் கைக்கு வருவது சில போத்தல்கள்.

அந்தச் சில போத்தலில்தான் வன்னி ஓடியது. பெற்றோலுக்குச் செய்த எம்.டி. 90 மோட்டார் சைக்கிளும் பழைய மொரிஸ் மைனர் காரும் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு பிளாஸ்ரிக் போத்தலில் தங்கத்தைப் போலப் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைக்க வேண்டும். எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய் தொடரும். பின்னால் வெள்ளைப் புகை மண்டும். கரி படிந்த பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது அன்றாட வேலை. இடையில் நின்றுவிட்டால் மறுபடி சில துளி பெற்றோல் வேண்டும், ஆகவே சந்தியில் ஆளோடு பேசும்போதும் எஞ்சினை நிறுத்தமாட்டார்கள். இரவில் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதில் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் ஒரு தலைமுறை. இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தச் சாமர்த்தியத்தைத் தேவையாக்கியது ஓர் அரசாணை என்பதை மறக்கக்கூடாது.

2002 ஜனவரியில் தடை நீங்கியது, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டு, வன்னி மறுபடி இறுகியது. 2009இல் போர் எப்படி முடிந்தது என்பதை எல்லோரும் அறிவர்.

2022இன் நெருக்கடி துப்பாக்கி முனையில் வந்ததல்ல, வெறுமையான திறைசேரியிலிருந்து வந்தது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாவிலிருந்து ஆறே மாதத்தில் 470 ரூபாவுக்கு ஏறியது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்கு விற்பனையே நின்றது. ஓகஸ்டில் கியூஆர் முறை நாடெங்கும் வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், முச்சக்கரவண்டிக்கு ஐந்து, காருக்கு இருபது. கூப்பன் காலம் கண்ட வன்னியில் பங்கீட்டை யாரும் வெறுக்கவில்லை. ஒரே வகை வாகனத்துக்கு ஒரே அளவு என்ற நியாயம் அதில் இருந்தது. வரிசைகள் சுருங்கியதற்கு அந்த நியாயமும் ஒரு காரணம்.

மண்ணெண்ணெய்க்கு அந்த நியாயம் கிட்டவில்லை. 2022 ஓகஸ்ட் 22 அன்று லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக்கப்பட்டது. நட்டத்துக்கு விற்க முடியாது என்றது அரசு. கணக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் கார் வைத்திருப்பவர் மண்ணெண்ணெய் வாங்குவதில்லை. வாங்குபவர்கள் முல்லைத்தீவுக் கடலில் வெளியிணைப்பு எஞ்சினோடு படகிறக்கும் மீனவரும், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் விவசாயியும், மின்சாரம் எட்டாத வீட்டில் விளக்கேற்றுபவரும்தான். ஒருமுறை கடலுக்குப் போய்வர இருபது லீற்றர் தேவைப்படும் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த எரிபொருட் செலவு மறுநாள் 6,800 ரூபா. வலையில் மீன் படுமோ படாதோ, அந்தப் பணத்தை முதலில் கொட்டிவிட்டுத்தான் படகு கரையை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.