முதுசொம்: ஒரு சொத்துரிமைச் சொல்லின் பொருளும் தோற்றமும்

யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்திற் சொத்தின் வகைகளைச் சுட்டும் சொற்களுள் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் முதுசொம் என்பது வழிவழி வந்த சொத்து என எளிதிற் பொருள் கொள்ளப்படுகின்றது. எனினும், எவர் வழியாக எவர்க்கு வந்தது என்னும் வினாவுக்கு இச்சொல் எக்காலத்தும் ஒரே விடையை அளிக்கவில்லை.

சொல்லமைப்பை முதலில் நோக்குவோம். 'முது' பழமையைக் குறிக்கும். 'சொம்' என்பது சொத்து. தன்னுடையது எனப் பொருள்படும் 'ஸ்வ' என்னும் வடசொல்லின் வழிவந்தது. எனவே முதுசொம் என்பதன் நேர்ப்பொருள் பழஞ்சொத்து என்பதே. பேச்சுவழக்கில் அது முதுசம் என மருவிற்று. ஆணுக்குரியது, பெண்ணுக்குரியது என்னும் குறிப்பு எதுவும் சொல்லமைப்பில் இல்லை.

வழக்காறோ வேறுவகையாக அமைந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தளித்த தேசவழமை, தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு முதலிமார் பன்னிருவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்படி கணவன் கொண்டுவந்த சொத்து முதுசொம். மனைவி கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வில் ஈட்டப்பட்டது தேடியதேட்டம். பண்டை முறையில் முதுசொம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தன. போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வரம்பு தளர்ந்தமையையும் அத்தொகுப்பே கூறுகின்றது. ஆகவே அங்கு முதுசொம் என்பது சொத்தின் பழமையை மட்டுமன்றி, அது ஆண்வழிப்பட்டது என்பதையும் உணர்த்திற்று.

பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். பின்னர் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம் இச்சொல்லுக்குப் புதிய வரைவிலக்கணம் வகுத்தது. பெற்றோரோ அவர்க்கு முந்திய மூதாதையரோ இறந்தபோது ஒருவரை வந்தடையும் சொத்து முதுசொம் எனப்பட்டது. ஏனைய உறவினர் இறந்தபோது வந்தடைவது உரிமை எனப்பட்டது. பெறுபவர் ஆணா பெண்ணா என்பது இங்கு கருதப்படவில்லை. தாய்வழி மகள் பெற்றதும் முதுசொமே.

ஆகவே பழைய உறுதிகளை ஆராய்வோர் 1911 இன் வரைவிலக்கணத்தை முந்திய நூற்றாண்டுகளுக்கு ஏற்றுவது பொருந்தாது. அவ்வாறு ஏற்றின், முதுசொத்தினின்று பெண்மக்கள் விலக்கப்பட்டிருந்த நிலையும் அவர்களுக்கெனச் சீதனம் தனித்து நின்ற நிலையும் ஒருங்கே மறைந்துவிடும். இன்று ஈழத்தவர் பண்பாட்டு முதுசொம் என்று கூறுங்கால் அதனை அனைவர்க்கும் பொதுவான உடைமையாகவே கருதுகின்றனர். இப்பொதுமை சொல்லின் பிறப்பிலேயே இருந்தது. இடைக்கால வழக்கிற் குறுகி, சட்டத்தின் வழியே மீண்டது என்பது எமது துணிபு.