கார்பீல்ட் தேர்ந்த கல்லூரி

உயர்கல்வியை நாடும் இளைஞர், கல்லூரியின் பெயரையும் கட்டடங்களையுமே பெரும்பாலும் முதலில் நோக்குவர். 1854ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் ஒருவர் வேறொன்றை நோக்கினார். அவரே பின்னாளில் அந்நாட்டின் இருபதாவது குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் கார்பீல்ட்.

ஒகையோ மாநிலத்தில் 1831இல் மரக்குடிசை ஒன்றிற் பிறந்த கார்பீல்ட், இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். கால்வாய்ப் படகுகளில் உழைத்தும், தச்சுத்தொழில் புரிந்தும், பள்ளிகளிற் கற்பித்தும் தம் கல்விக்குப் பொருள் தேடினார். சேமித்த பணமோ சிறிது. தெரிவிற் பிழை நேரின் அதனைத் திருத்த அவருக்கு வசதி இல்லை.

அவர் சார்ந்த சமயப் பிரிவினருக்கு அந்நாளைய வேர்ஜீனியாவிற் பெத்தனி என்னும் கல்லூரி இருந்தது. அங்குச் செல்வதே இயல்பு. ஆயினும், தம்மவர் கருத்துகளையே கேட்டு வளர்ந்த தாம் பிறர் கருத்துகளையும் அறிதல் வேண்டும் என அவர் எண்ணினார். அக்கல்லூரி அடிமை முறையின்பாற் சாய்ந்திருந்ததும் அவருக்கு உவப்பாயில்லை. ஆகவே யேல், பிறவுண், வில்லியம்ஸ் ஆகிய மூன்று கல்லூரிகளின் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார். மூவரும் இரண்டு ஆண்டுகளிற் பட்டம் பெறலாம் என்றே சுருக்கமாக விடையிறுத்தனர். ஆனால் வில்லியம்ஸ் கல்லூரித் தலைவர் மார்க் ஹொப்கின்ஸ், நீர் வந்தால் இயன்றதைச் செய்ய மகிழ்வோம் என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தை ஈற்றிற் சேர்த்திருந்தார். அவ்வொரு வாக்கியமே கார்பீல்டின் ஐயத்தைத் தீர்த்தது.

மசச்சூசெற்ஸ் மலைப்புறத்தில் 1793இல் நிறுவப்பெற்ற இச்சிறு கலைக்கல்லூரி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1806இல் இதன் மாணவர் சிலர் வைக்கோற்போர் ஒன்றின் நிழலிற் செய்த பிரார்த்தனையிலிருந்தே அமெரிக்க மிசன் இயக்கம் தோன்றியது. அவ்வியக்கத்தினரே 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர்.

ஹொப்கின்ஸ் 1836 முதல் 1872 வரை அக்கல்லூரியின் தலைவராயிருந்தார். இறுதியாண்டு மாணவருக்குத் தாமே கற்பித்தார். நூல் கூறுவது யாது என்பதோடு நில்லாது, அதுபற்றி நீர் என்ன நினைக்கிறீர் என வினவுவதே அவர் முறை. 1856இற் சிறப்புடன் தேறிய கார்பீல்ட் அதனை மறந்தாரல்லர். 1871இல் நியூயோர்க் நகரில் நடந்த விருந்தொன்றில், மரக்கட்டை ஒன்றின் ஒரு முனையில் ஹொப்கின்சும் மறுமுனையில் மாணவனும் அமர்ந்தால் அதுவே கல்லூரியாகும் என்ற கருத்துப்படப் பேசினார். 1881 யூலை 2ஆந் திகதி, அக்கல்லூரியின் விழாவுக்குப் புறப்பட்டபோதே வாஷிங்டன் புகையிரத நிலையத்திற் சுடப்பட்டார். செப்ரெம்பர் 19ஆந் திகதி உயிர்நீத்தார்.

நூல்நிலையமும் ஆய்வுகூடமும் வேண்டாதவை என்பது இதன் பொருளன்று. கல்லூரியைத் தேடும் மாணவரும் பெற்றோரும் அவற்றை நோக்குமுன் வினவவேண்டியது ஒன்றுண்டு: அங்கே கற்பிப்பவர் யார்? மாணவன் அவரை நேரில் அணுகித் தன் ஐயத்தைக் கேட்க இயலுமா? பெருங்கல்லூரியாயினும் சிறுகல்லூரியாயினும், இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையை முதலிற் சீர்தூக்குதல் நன்று.