ஜி.எஸ்.டி. சாலையும் கார்புரேட்டருக்குப் பிந்தைய காலமும்

சென்னையின் தெற்குப் புறநகரில் மோட்டார் தொழில் வளர்ந்த கதையைச் சொல்ல ஜி.எஸ்.டி. சாலை ஒன்றே போதும். குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி, ஆட்டோமொபைல், மின்னணுவியல், கருவியியல், விமானவியல் ஆகிய நான்கு துறைகளையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இயங்கியது. இரண்டுக்கும் நடுவே, தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. எஞ்சின் செய்யத் தெரிந்தவர்களும், அதன் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கத் தெரிந்தவர்களும், சர்க்யூட் போர்டு பூட்டத் தெரிந்தவர்களும் ஒரே சாலையில் வேலை பார்த்தார்கள். ஆனால் அந்த மூன்று அறிவும் இங்கே தயாரான ஸ்டாண்டர்டு கார்களின் பானெட்டுக்கு அடியில் கடைசிவரை ஒன்றுசேரவே இல்லை. இன்று அப்படிப்பட்ட பழைய கார் ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, புரோகிராம் செய்யக்கூடிய இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒன்றைப் பொருத்துகிறவர் செய்வது அந்த விடுபட்ட வேலையைத்தான். இதை வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்றோ, பழமையைக் கெடுக்கும் காரியம் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. கிடைக்கிற பெட்ரோலுக்கும் பாகங்களுக்கும் ஏற்ப எஞ்சினைப் பழக்குவது இந்தப் பகுதியின் பழைய தொழில். இசியு அந்தத் தொழிலின் அடுத்த படி.

ஸ்டாண்டர்டு ஆலையின் வரலாறே இதற்கு முதல் சான்று. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வேன்கார்டு காரில் தொடங்கிய ஆலை இது. 1961இல் ஹெரால்டு வந்தது. பிறகு, இங்கிலாந்தில் எவரும் பார்த்திராத நான்கு கதவு ஹெரால்டு இங்கே உருவானது. 1972இல் வந்த கெஸல், ஹெரால்டின் பின்சக்கர அமைப்பைக் கைவிட்டு, நம் சாலையைத் தாங்கும் நேர் ஆக்சிலுக்கு மாறியது. அந்நிய வடிவத்தை வாங்கி, உள்ளூர்த் தேவைக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டித் திருத்துவது இந்த ஆலையின் அன்றாட வழக்கமாக இருந்தது. ஹெரால்டின் ‘அசல்’ எது என்று கேட்டால், பெருங்களத்தூர்க்காரர்கள் திருத்திக் கொடுத்ததுதான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 இன்னும் தெளிவான பாடம். அதன் உடல், ரோவர் நிறுவனம் 1976இல் வெளியிட்ட எஸ்டி1 காருடையது. அன்றைய இந்தியச் சாலைகளுக்கு அது புதுமையான தோற்றம். உள்ளே வைத்ததோ 1991 சிசி வேன்கார்டு எஞ்சின். 1940களில் வரைந்த வடிவம், மேலே ஒரு கார்புரேட்டர். அதே எஸ்டி1 உடலில், விட்டெஸ் என்ற உயர்ரக மாடலுக்கு இங்கிலாந்தில் 1982இலேயே லூகாஸ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பொருத்தியிருந்தார்கள். லூகாஸின் பெயர் சென்னைக்குப் புதிதல்ல. 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், பாடி பகுதியில் டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்டார்ட்டரும் செய்துகொண்டிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம ஆட்சியும் இருந்த காலத்தில் ஆலை தன் கையில் இருந்த எஞ்சினைப் பயன்படுத்தியது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும் என்ற பெயரோடு அந்தக் கார் நிற்க முடியவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த இடத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன.

ஆலை போன பிறகும் கார்கள் ஓடின. அவற்றை ஓட வைத்தவர்கள் சிறிய ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகள். அவர்களுடைய டியூனிங் கண்ணையும் காதையும் நம்பிய தொழில். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள்: காப்பிப்பொடி நிறம் என்றால் கலவை சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் சூடேறும். பாயிண்ட் இடைவெளியைத் தகட்டால் அளந்து, டிஸ்ட்ரிபியூட்டரை விரலளவு திருப்பி, ஜெட்டை மாற்றி, ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகிக் காது கொடுத்துக் கேட்பார்கள். இந்தத் திறமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு ஜெட், தான் எந்தப் பெட்ரோலுக்காகத் துளையிடப்பட்டதோ அதற்குத்தான் சரியாக அளக்கும். பெட்ரோலோ மாறிக்கொண்டே வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. ஈயத்தின் பாதுகாப்பை நம்பியிருந்த பழைய வால்வு சீட்டுகளை மாற்ற வேண்டி வந்தது. 2023இல் அறிமுகமான 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்று பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பதாகிவிட்டது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோவே போதும். அதாவது, பழைய ஜெட்டையே வைத்திருந்தால் எஞ்சினுக்குப் போகும் கலவை ஏழெட்டு சதவீதம் வறண்டுபோகிறது. வெளுத்த பிளக்கும் அதிகச் சூடும் அதன் விளைவு.

இசியு இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கிராங்க் புல்லியோடு 36 பல் சக்கரம் ஒன்றைப் பூட்டுகிறார்கள். அதில் ஒரு பல் வேண்டுமென்றே இல்லாமல் விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் 10 டிகிரி. சென்சாருக்கு முன்னால் அந்த இடைவெளி கடக்கும்போதெல்லாம் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது இசியுவுக்குத் தெரிந்துவிடும். மேனிஃபோல்டில் அழுத்த சென்சார், தண்ணீரில் வெப்ப சென்சார், சைலன்சர் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார். வேகம் ஒரு பக்கம், அழுத்தம் மறுபக்கம் என 16க்கு 16 கட்டங்கள் கொண்ட அட்டவணைதான் ‘மேப்’. மொத்தம் 256 கட்டங்கள். தாம்பரம் நெரிசலில் ஐட்லிங்கில் நிற்பதற்கு ஒரு கட்டம், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறுவதற்கு வேறு கட்டம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரி முன்னதாகத் தீப்பொறி என்று டியூன் செய்கிறவர் நிரப்புகிறார். பழைய காரின் மெக்கானிக்கல் பம்பு இதற்குப் போதாது. இன்ஜெக்டருக்கு 3 பார் அளவு அழுத்தம் வேண்டும் என்பதால் மின்பம்பும் திரும்பும் குழாயும் போட வேண்டும். டைனமோ தரும் கரண்டும் பற்றாது, ஆல்டர்னேட்டர் வேண்டும். ஆனால் எண்களை நிரப்புகிறவருக்கு எந்த வேகத்தில் எஞ்சின் திணறும், எங்கே தட்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிளக் பார்த்துப் பழகிய மெக்கானிக்கின் அறிவு இங்கே வீணாவதில்லை. அது எண்ணாக மாறி, சேமிக்கப்பட்டு, அடுத்தவர் கைக்கும் போகிறது.

பழமை கெடுகிறது என்பது முதல் ஆட்சேபம். மதிக்க வேண்டிய ஆட்சேபமும்கூட. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ வரிசை எண் தரும் 2021ஆம் ஆண்டு விதி, சேசிஸும் உடலும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தகுதிக்கு உரிய ஹெரால்டைத் தொடாமல் விடுவதே முறை. காட்சிக்கும் ஆய்வுக்கும் அப்படிச் சில வண்டிகள் கட்டாயம் வேண்டும். ஆனால் தினமும் தெருவில் ஓட வேண்டிய வண்டியின் கதை வேறு. அதன் பெட்ரோல் குழாய், வால்வு சீட்டு, டயர் எல்லாம் எப்போதோ மாறிவிட்டன. எதையும் அறுக்காமல், துளை போடாமல், கழற்றிய கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் எண்ணெய் தடவி எடுத்துவைத்துச் செய்தால், இசியு வேலை திரும்பப் பெறக்கூடிய மாற்றம். வறண்ட கலவையில் ஓட்டி பிஸ்டனை உருக்குவது திரும்பப் பெற முடியாத இழப்பு.

இரண்டாவது ஆட்சேபம், மின்னணுப் பொருள் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஆகாது, வழியில் நின்றால் ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்ய முடியாது என்பது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் கிடந்ததை அறிந்தவர்கள் இதை எளிதாகத் தள்ள மாட்டார்கள். உண்மைதான், தண்ணீர் புகுந்த ஒயரிங் பிறகு பல மாதம் தொல்லை தரும். ஆனால் வெள்ளத்தில் டிஸ்ட்ரிபியூட்டரும் பிழைப்பதில்லை. இசியுவை பானெட்டுக்குள் வைக்காமல், டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் வைக்கலாம். கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. ஆலையிலிருந்து வரும் இசியு பெரும்பாலும் பூட்டிய பெட்டி. கெட்டால் முழுதாக மாற்றத்தான் வேண்டும். ஆனால் மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற இசியுக்களின் சர்க்யூட் விவரங்கள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. சால்டரிங் தெரிந்த எவரும் ரிச்சி தெருவில் உதிரி வாங்கிப் பழுது நீக்கலாம். உள்ளூர்க் கைகளுக்குத் திறந்திருக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதே இந்தத் தொழிலின் மரபுக்குப் பொருந்தும்.

மூன்றாவது ஆட்சேபம் சட்டம், இதுதான் கடினமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே விளக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட சட்டம். அதன் நோக்கத்தை மறுக்க முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் கார்புரேட்டரின் பெயர் இல்லை என்பதால் தப்பிவிடலாம் என்று வாதாடுவதும் நேர்மையல்ல. ஆனால் எல்பிஜி, சிஎன்ஜி கிட்டுகளுக்குச் சட்டமே வழி வகுத்திருக்கிறது: ஒப்புதல் பெற்ற கிட், பதிவில் குறிப்பு, புகைச் சோதனை. எரிபொருள் அமைப்பை அடியோடு மாற்றும் அந்த வேலைக்கு வழி உண்டென்றால், அதே பெட்ரோலைத் துல்லியமாக அளக்கும் வேலைக்கும் இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய காருக்குப் புகைச் சோதனையில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதி; பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் காருக்கு 0.5 சதவீதம்தான். இசியு போட்ட பழைய கார் இந்த இரண்டாவது வரம்புக்குள் வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். சோதிக்க ஒரகடத்திலேயே ஜிஏஆர்சி ஆய்வு மையம் இருக்கிறது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ முதல் நாளிலிருந்தே எம்.பி.எஃப்.ஐ. (மின்னணு இன்ஜெக்‌ஷன்) கார்; அடுத்த ஆண்டே மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை வந்தது. அப்போதிருந்து இந்தப் புறநகரில் இன்ஜெக்‌ஷன் தெரிந்த தொழிலாளர்கள் ஒரு தலைமுறையாகவே வளர்ந்திருக்கிறார்கள். கார்புரேட்டரைக் காதால் அறிந்த தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு தலைமுறையும் ஒரே எஞ்சினின் முன் நின்று வேலை செய்ய இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. ஐ.டி.ஐ.களும் பொறியியல் கல்லூரிகளும் ஒரு ஹெரால்டு, ஒரு கெஸல், ஒரு ஸ்டாண்டர்டு 2000 எஞ்சினுக்காவது மேப் தயாரித்து எல்லாருக்கும் பொதுவில் வைக்க வேண்டும். அரசு அதற்கு ஒப்புதல் வழி ஒன்றைத் திறக்க வேண்டும். ஆலை மூடியபோது அதன் கார்களைக் காப்பாற்றிய அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதி வைப்பதற்கான கருவி இப்போது கையில் இருக்கிறது. பயன்படுத்துகிறவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல், அந்தத் தொழிலின் வாரிசுகளாக நடத்துவதே நியாயம்.