புனையா ஓவியம்

மைசூர் அக்ரஹாரத்து மளிகைக் கடையில் அச்சு வெல்லத்துக்கு 'அச்சு பெல்ல' என்பார்கள். அந்த 'அச்சு' தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுச்சொத்து. 'கல்லச்சு' என்ற சொல்லும் அப்படியே. 1790களில் பவேரியாவில் செனஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் எழுதி அச்செடுத்தாரே, அந்த முறைக்கு ஜெர்மனில் வழங்கும் பெயருக்கும் இதே பொருள்தான்.

சரி, அந்தக் கல்லுக்காக வரையும் அரைகுறைப் படத்துக்கு என்ன பெயர்? பல வண்ணக் கல்லச்சுக்கு முதலில் வேண்டியது வெறும் கோட்டுருவம். புடவை மடிப்பு, மூக்குத்தி, விரல் நுனி எல்லாம் கோடாக மட்டும் இருக்கும். நிறமோ நிழலோ இராது. பிறகு வண்ணத்துக்கு ஒரு கல். அத்தனை கல்லும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட வேண்டும். கல்லில் இடவலம் மாற்றி எழுதாவிட்டால் லட்சுமி இடக்கையால் வரம் கொடுப்பாள்! அச்சு முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

இத்தகைய கோட்டுப் படத்தை 'முற்றுப்பெறாதது' என்று சொல்லிவிடுகிறோம். நம்மிடம் இதைவிடப் பொருத்தமான பழம்பெயர் உண்டு: புனையா ஓவியம். கணவன் பாசறையில் இருக்க, நகை துறந்து கிடக்கும் அரசியை நெடுநல்வாடையில் நக்கீரர் இதற்குத்தான் ஒப்பிடுகிறார். வண்ணம் தீட்டாத கோட்டு வடிவம் என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்ளும் பொருள். மணிமேகலையிலும் இச்சொல் வருகிறது. புனைதல் என்றால் அணிதல், தொடுத்தல், தீட்டுதல். மாலையும் புனைவோம், கதையும் புனைவோம். ஆகவே 'புனையா' என்பது குறைபட்டதைச் சொல்லவில்லை, இன்னும் அணி பூணாததைச் சொல்கிறது. இலக்கணத்தில் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சொல்லே கடைசி எழுத்தை விட்டுவிட்டு நிற்பது வேடிக்கைதான்.

நெடுநல்வாடை அடங்கிய பத்துப்பாட்டை உ.வே.சா. பதிப்பித்தது 1889-இல். அதை ஒட்டிய காலத்தில்தான், 1885-இல் மைசூர் அரசருக்காக ஓவியம் தீட்ட வந்த ரவிவர்மா, 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். அவர் கையால் தீட்டிய படங்களை அக்ரஹாரத்திலிருந்து நடந்தே போய் ஜகன்மோகன அரண்மனையில் பார்க்கலாம். அச்சுப் படங்களோ பூஜை அறைக்குப் போயின. அங்கே பெண்கள் அச்சிட்ட லட்சுமிக்குச் சரிகைத் துணியைக் கத்தரித்து ஒட்டினார்கள், ஜிகினாப் பொட்டும் மணியும் வைத்துத் தைத்தார்கள். கல் எத்தனை வண்ணம் ஏற்றியிருந்தும் அவர்களுக்கு அது புனையா ஓவியமாகத்தான் பட்டிருக்கிறது.