விலங்குத் துணைச் சிகிச்சையும் சமூகப் பணியும்

விலங்குத் துணைச் சிகிச்சை என்பது உளவியலாளர், சமூகப் பணியாளர் முதலிய தொழில்முறைப் பயிற்சி பெற்றவர்கள், தம் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாக நாய், குதிரை போன்ற வளர்ப்பு விலங்குகளை ஈடுபடுத்தும் முறையாகும். அமெரிக்காவில் சமூகப் பணி பயில்வோர் சிலர் இதைத் தம் தொழிலாகத் தேர்ந்தெடுக்க விரும்புகின்றனர். அதற்கான பாதை இரு நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாக உருவானது.

தொடக்கம்

1790இல் இங்கிலாந்தின் யார்க் நகர மனநலக் காப்பகத்தில் அன்னா மில்சு என்ற பெண் இறந்தார். அவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அப்பிரிவைச் சேர்ந்த தேயிலை வணிகர் வில்லியம் டியூக், இதையடுத்துப் புதிய காப்பகம் ஒன்றை நிறுவ முயன்றார். 'ரிட்ரீட்' என்ற அக்காப்பகம் 1796இல் திறக்கப்பட்டது. நோயாளிகளைச் சங்கிலியால் பிணைக்காமல் கனிவோடு நடத்துவது அதன் கொள்கை. முற்றங்களில் முயல்கள், கோழிகள், கடற்பறவைகள் முதலியவை விடப்பட்டிருந்தன. அவற்றோடு பழகுவது நோயாளிகளிடம் அன்புணர்வைத் தூண்டியதாக வில்லியமின் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டார்.

நீண்டகால நோயாளிகளுக்குச் சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணை என்று புளோரன்சு நைட்டிங்கேலும் செவிலியம் பற்றிய தம் நூலில் எழுதினார்.

மேரி எல்லன் வழக்கு

சமூகப் பணிக்கும் விலங்கு நலத்துக்கும் உள்ள தொடர்பு 1874இல் நியூயார்க்கில் வெளிப்பட்டது. வளர்ப்புத் தாயால் துன்புறுத்தப்பட்ட மேரி எல்லன் என்ற சிறுமியைக் காக்க, எட்டா வீலர் என்ற தொண்டுப் பணியாளர் பல இடங்களில் உதவி கேட்டும் பயனில்லை. இறுதியில் அவர், விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை 1866இல் நிறுவிய என்றி பெர்க்கை அணுகினார். பெர்க்கின் முயற்சியால் வழக்கு நீதிமன்றம் சென்று சிறுமி மீட்கப்பட்டாள். விலங்குவதைச் சட்டத்தின் கீழ் அவள் காப்பாற்றப்பட்டாள் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. ஆட்கொணர்வு முறையின் வழியாகவே அவள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். இவ்வழக்கைத் தொடர்ந்து குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது.

லெவின்சனும் ஜிங்கிள்சும்

இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் குழந்தை உளவியலாளர் போரிசு லெவின்சன். பிறரோடு பழகாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவனை அவனுடைய பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டனர். லெவின்சனின் நாய் ஜிங்கிள்சு அப்போது அறையில் இருந்தது. அது ஓடிச் சென்று சிறுவனை நக்க, அவன் அஞ்சாமல் அதைத் தடவிக் கொடுத்தான். மீண்டும் வந்து நாயோடு விளையாட விரும்புவதாகவும் கூறினான். நாயோடு விளையாடிய அமர்வுகளில் நாளடைவில் லெவின்சனையும் ஏற்றுக்கொண்டான்.

1961இல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் லெவின்சன் இதை விவரித்தபோது அவையினர் சிலர் நகைத்தனர். கட்டணத்தில் நாய்க்கு எத்தனை விழுக்காடு என்றும் கேட்டனர். அவர் மனம் தளராமல் 1962இல் கட்டுரையும் 1969இல் நூலும் வெளியிட்டார். உளப்பகுப்பாய்வின் தந்தை பிராய்டும் தம் நாய் யோபியை அமர்வுகளின்போது அறையில் இருக்க விட்டவர் என்பது பின்னர் பலருக்கும் தெரியவந்தது.

அமைப்புகளும் கல்வியும்

1976இல் நியூ செர்சியில் சிகிச்சை நாய்களுக்கான அமைப்பும், 1977இல் போர்ட்லாந்தில் டெல்டா அறக்கட்டளையும் தோன்றின. டெல்டா பின்னாளில் 'பெட் பார்ட்னர்சு' எனப் பெயர் மாறியது. டென்னசிப் பல்கலைக்கழகத்தில் 2002இல் கால்நடை மருத்துவச் சமூகப் பணித் திட்டம் தொடங்கியது. வளர்ப்பு விலங்கை இழந்தோரின் துயர், கால்நடை மருத்துவப் பணியாளரின் மனச்சுமை, விலங்குவதைக்கும் குடும்ப வன்முறைக்கும் உள்ள தொடர்பு, விலங்குத் துணைச் செயல்பாடுகள் ஆகிய நான்கும் அதன் களங்கள். டென்வர் பல்கலைக்கழகச் சமூகப் பணிப் பள்ளியிலும் மனித-விலங்கு உறவுக்கான தனி நிறுவனம் உள்ளது.

தகுதியும் விலங்கின் நலமும்

தன்னார்வலர் ஒருவர் தம் நாயோடு மருத்துவமனைக்குச் சென்று வருவது சிகிச்சை ஆகாது. மனித-விலங்கு உறவு அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. சிகிச்சைக்குத் திட்டமிட்ட இலக்கு, பதிவு, உரிய தகுதி பெற்ற பணியாளர் ஆகியவை தேவை. ஆகவே இத்துறையை நாடுவோர் முதலில் சமூகப் பணியில் முதுநிலைப் பட்டமும், மேற்பார்வையில் பணிபுரிந்த பட்டறிவும், மாநில உரிமமும் பெறுகின்றனர். அதன்பின் விலங்கோடு பணிபுரியத் தனிப் பயிற்சி பெறுகின்றனர். விலங்கும் தனியே மதிப்பிடப்படுகிறது.

அதே அறிக்கை, பழக்கப்பட்டவையே ஆயினும் காட்டு விலங்குகளைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை நாயின் மன அழுத்தத்தைக் காட்டும் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைக் கண்டு அமர்வை நிறுத்துவதும் பணியாளரின் கடமையாகும். தன் விருப்பமின்மையைச் சொல்லத் தெரியாத ஓர் உயிரின் உதவியோடுதான் இத்தொழில் நடைபெறுகிறது.