கம்பிச் சுருளும் காற்றில் வந்த குரலும்

வானொலியின் சரித்திரத்தைக் கூறுவோர் பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களைப் பற்றியே பேசுவர். கேட்போர் இல்லத்தில் இருந்த கருவிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் சிறப்பிடம் பெறத்தக்கது, அட்டைக் குழாயின்மேல் வரிசையாகச் சுற்றிய செப்புக் கம்பியே ஆகும். மின்கலமும் வால்வும் இல்லாத படிக ரேடியோவில், வேண்டிய நிலையத்தைத் தேர்ந்து தந்தது அந்தச் சுருள்தான்.

சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது, அம்மாற்றத்தைச் சுருளே எதிர்க்கின்றது. தன்தூண்டல் எனப்படும் இப்பண்பை 1832-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி வெளியிட்டார். அதை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. சுருளுடன் ஒரு மின்தேக்கியை இணைத்தால், மின்னோட்டம் ஊஞ்சலைப் போல் இங்கும் அங்கும் ஆடும். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் தனக்கென ஒரு கால அளவு உண்டு. அந்தக் காலமறிந்து மெல்லத் தள்ளினாலும் அது உயர்ந்தெழும். காலம் தவறினால் வலிந்து தள்ளியும் பயனில்லை. வானொலி அலையும் தன் கால அளவுக்கு இசைந்த சுருளை மட்டுமே நன்கு ஆட்டுகின்றது.

இந்த உண்மை நடைமுறைக்கு வருமுன், கம்பியில்லாத் தந்தியின் நிலை சந்தைக்கடை இரைச்சலை ஒத்திருந்தது. இருவர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால், ஒருவர் செய்தியை மற்றவர் செய்தியிலிருந்து பிரிப்பது அரிதாயிற்று. அனுப்புமிடத்திலும் பெறுமிடத்திலும் சுருள்களை ஒத்திசையச் செய்யும் முறைக்கு 1897-இல் ஆங்கில விஞ்ஞானி ஆலிவர் லாட்ஜ் காப்புரிமை கோரினார். ஒரே வானில் பல குரல்கள் இடம்பெற வழி பிறந்தது.

தேர்ந்தெடுத்த அலையிலிருந்து செவிக்கு ஒலியைப் பிரித்துத் தருவது படிகம். சில தாதுக்கள் மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் செல்லவிடும் என்பதை ஜெர்மனியின் பிரவுன் 1874-இல் கண்டறிந்தார். கலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவியைக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஜகதீச சந்திர போஸ் அமைத்தார். 1901-இல் அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் வழங்கப்பெற்றது. வங்கத்தில் வாழும் தமிழர்கள், படிக ரேடியோவின் மூதாதைகளுள் ஒன்று தாம் நடமாடும் நகரிலேயே பிறந்ததென்று அறிந்து மகிழலாம்.

சென்னையில் 1924 மே மாதத்தில் மாகாண ரேடியோ கழகம் தோன்றி, ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. இதற்கு முன்னின்றவர் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியார். பொருளின்மையால் 1927-இல் கழகம் தன் பணியை நிறுத்தியது. அதே ஆண்டில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களை நிறுவியது. அவற்றின் சக்தி 1.5 கிலோவாட்டே, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் வரையே அவை தெளிவாகக் கேட்கும். உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 10 ரூபாய். அதற்கு மேல் வால்வு ரேடியோவையும் விலைகொடுத்து வாங்க இயலாதவர்க்குத் தாமே செய்துகொள்ளும் படிக ரேடியோ கைகொடுத்தது.

சுருளைச் சுற்றுவது கைத்திறன் மட்டுமன்று. அதில் கணக்கும் உண்டு. 1928-இல் ஹரால்டு வீலர் ஓர் எளிய வாய்பாட்டை வெளியிட்டார். சுருளின் ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஆரத்தின் 9 மடங்கையும் சுருள் நீளத்தின் 10 மடங்கையும் கூட்டி, அத்தொகையால் வகுக்க வேண்டும். அளவுகள் அங்குலத்தில் இருப்பின், தூண்டல் மைக்ரோ ஹென்றியில் கிடைக்கும். 3 அங்குல விட்டமுள்ள குழாயில், 2 அங்குல நீளத்திற்கு 60 சுற்றுகள் சுற்றினால் விடை சுமார் 242. இதனுடன் 365 பைக்கோபாரட் வரை மாறும் மின்தேக்கியை இணைத்தால், மத்திய அலையின் கீழெல்லையான 535 கிலோ ஹெர்ட்ஸ் வரை எட்டலாம்.

படிக ரேடியோவுக்கு ஏரியல் தரும் சிறு சக்தியைத் தவிர வேறு முதலில்லை. ஆகவே சுருளில் வீணாகும் ஒவ்வொரு துளியும் காதுக்கு நட்டம். அட்டை ஈரத்தை உறிஞ்சினால் ஒலி குன்றும். கடற்கரை நகரங்களில் இத்தொல்லை மிகுதி. எனவே அட்டையை நன்கு உலர்த்தி மெழுகோ அரக்கு வார்னிஷோ பூசினர். அடுத்தடுத்த சுற்றுகள் தம்முள் மின்தேக்கிபோல் செயற்படுவதைக் குறைக்கத் தேன்கூட்டு வடிவிலும், ஒற்றைப்படை ஆரக்கால்களில் பின்னிய சிலந்திவலை வடிவிலும் சுருள்களை அமைத்தனர். ஏரியலைச் சில சுற்றுகளுடன் மட்டும் இணைத்தால் நிலையங்கள் தெளிவாகப் பிரியும். ஆனால் ஒலி குறையும். இரண்டையும் ஒருங்கே பெற இயலாது என்பதைச் சுருள் சுற்றியவர் விரைவில் உணர்ந்தனர்.

1944-இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில், பதுங்குகுழிகளில் இருந்த படைவீரர்கள் சவர அலகைப் படிகத்திற்குப் பதிலாக வைத்து, கிடைத்த கம்பியைச் சுற்றி ரேடியோ செய்தனர். சிலவகை வால்வு ரேடியோக்கள் தாமும் அலைகளை வெளியிட்டு இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும். மின்கலமற்ற இக்கருவியில் அந்த அபாயமில்லை.

ஆயினும் சுருளால் குரலைத் தேர முடியுமேயன்றிப் பெருக்க முடியாது. அந்நாளில் பம்பாயில் வாழ்ந்த தமிழர் ஒருவர் எத்துணைத் திறமையுடன் கம்பி சுற்றினும், சென்னையின் குரல் அப்படிகத்திற்கு எட்டியிராது. தொலைவை வெல்ல வால்வு வேண்டியிருந்தது. ஆனால் அந்த வால்வு ரேடியோவிலும் நிலையத்தைத் தேர்ந்தது சுருளே.

மத்திய அலை நிலையங்கள் குறைந்துவரும் இக்காலத்திலும் அச்சுருள் மறையவில்லை. தில்லியில் மெட்ரோ ரயில் ஏறுவோர் வாயிலில் காட்டும் பயண அட்டைக்குள் மின்கலம் இல்லை. சில சுற்றுகளே கொண்ட ஒரு மெல்லிய சுருள், 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இசைந்து, வாயிற்கருவி தரும் சக்தியைக் கொண்டே விடை பகர்கின்றது. படிக ரேடியோ செய்த பணியின் சாரமும் இதுவே: வந்த அலையை அறிந்து, அதன் சக்தியாலேயே இயங்குவது.